சார்ஜன்ட் சொல்லாத பயிற்சி

போதும் என்கிற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இதுமாதிரிக் கட்டுரை எழுத விஷயமே கிடைக்காது. குழம்பில் உப்பு சரியாக இருந்தால் அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். நான், இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் எப்படியிருக்கும் என்று யோசிக்கிற ரகம். அப்படிப் போட்ட ஒரு சிட்டிகையால், பினாங்கில் தைப்பூச ரதம் வந்த நாளில், நடுத்தெருவில் எங்கள் குடும்ப மானம் கப்பலேறியது. (படகுத்துறை பக்கத்தில்தான். ஏறுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வார நாட்களில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளை உற்றுப் பார்ப்பது வேலை. வார இறுதியில் நான் ராணுவ வீரன். உடனே எல்லையில் துப்பாக்கியோடு நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது தன்னார்வப் படை. சனி, ஞாயிறுகளில் சீருடை போட்டு வெயிலில் நடக்கவிடுவார்கள், ஓடவிடுவார்கள், பிறகு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இதில் மூன்றாவது விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

அப்பாவுக்கு அந்தச் சீருடை என்றால் உயிர். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டியவர். இளமையில் ராணுவத்தில் சேரப் போய், பாதம் தட்டையாக இருக்கிறதென்று முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சட்டைக்கு அவர்தான் இஸ்திரி போடுவார். அம்மா தொட்டால்கூடப் பிடிக்காது. “மடிப்பு கோணிடும்லா, நீ விடு” என்பார். பாடாங் கோத்தா திடலில் சுதந்திர தின அணிவகுப்பில் நான் நடப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் தொலைக்காட்சியில் அணிவகுப்பைக் காட்டினால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அணிவகுப்பில் நடக்க வேண்டுமானால் உடற்தகுதிச் சோதனையில் தேற வேண்டும். நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். ஓட்டத்தில் ஒப்பேற்றிவிடுவேன். தண்டால் எடுக்கும்போதுதான் பூமிக்கு என் மேல் இருக்கும் பாசம் வெளிப்படும். மூன்றாவது வாய்ப்பு தைப்பூசத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அதுவே கடைசி. அதிலும் தோற்றால் அணிவகுப்புப் பிரிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சார்ஜன்ட் மாணிக்கம். நிரந்தரப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் கொடுத்த பயிற்சி ரொம்ப எளிது: காலையில் ஓட்டம், தண்டால், வயிற்றுக்காகப் படுத்துப் படுத்து எழுந்திருப்பது. தினமும் அதேதான். “இத மட்டும் செய். எதையும் கொறைக்காத, எதையும் சேர்க்காத” என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். குறைப்பதைப் பற்றித்தான் எச்சரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் கூடப் பயிற்சி செய்த ரவின் ஒரு புது மார்க்கத்தில் சேர்ந்தான். ஹை இன்டென்சிட்டி ஃபங்க்ஷனல் டிரெய்னிங் என்று அதற்குப் பெயர். பழைய கடைவீட்டு மாடியில் இருந்த ஜிம்மில் சேர்ந்து, டயரைப் புரட்டுவது, கனமான கயிற்றை ஆட்டுவது, பெட்டி மேல் எகிறிக் குதிப்பது என்று கலக்கிக்கொண்டிருந்தான். மூச்சுவிட நேரம் கொடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனிதன் தரையில் விழுந்துவிட வேண்டும். அதுதான் வெற்றி.

“சார்ஜன்ட் குடுக்குறது பழைய காலத்து ரொட்டீன்டா மச்சான். அதோட இதையும் சேத்தா நீ எங்கயோ போயிடுவ. நெஜ வாழ்க்கையில செய்யுற அசைவுலாம் இதுல இருக்கு. தூக்குறது, தள்ளுறது, சொமக்குறது” என்றான்.

வீட்டில் போய் அப்பாவிடம் ஒப்பித்தேன். கவனமாகக் கேட்டார்.

“மூட்ட தூக்கணுமா?”

“ஆமாப்பா.”

“தூக்கிட்டு நடக்கணுமா? எறக்கி வச்சிட்டு மறுபடி தூக்கணுமா?”

“அதேதான்ப்பா.”

“இதத்தானடா நான் ஹார்பர்ல செஞ்சேன். எனக்கு சம்பளமும் குடுத்தாங்களே” என்றார்.

அம்மா அடுக்களையில் சிரித்த சிரிப்பு கீழ்வீடுவரை கேட்டிருக்கும். எனக்குக் கோபம். இந்தக் காலத்து அறிவியல் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன். (அந்த வயதில் நான் பரிதாபப்படாத ஆளே கிடையாது.)

தைப்பூசம் நெருங்கியது. எங்கள் அடுக்குமாடி, தண்ணீர்மலைக் கோயிலுக்கு ரதம் போகிற வழியில் இருந்தது. வருஷாவருஷம் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். ரதம் வரும்போது அவரவர் நேர்த்திக்கடனாகச் சாலையில் தேங்காய் உடைப்பார்கள். பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அன்றைக்குச் சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும்.

அந்த வருஷம் அப்பா எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டியது நடந்த பிறகு கடனைச் செலுத்துவதுதான் வழக்கம். அப்பாவின் முறை வேறு. முதலிலேயே செய்துவிடுவார். “குடுத்துட்டு முன்னாடி போயி நின்னா, முருகன் மூஞ்சியத் திருப்பிக்க முடியாதுல்ல?” என்பார். பையன் சோதனையில் தேற வேண்டும், அதற்காகப் பையனே தன் கையால் தேங்காய் உடைப்பான் என்பது வேண்டுதல். என்னையும் விரதம் இருக்கச் சொல்லிவிட்டார். ஒரு வேளை சைவச் சாப்பாடு, மற்ற நேரம் பால், பழம். இந்த வயிற்றோடுதான் நான் அதிதீவிரப் பயிற்சியில் இறங்கினேன் என்பதை மருத்துவர்கள் யாராவது படித்தால் மன்னிக்கவும்.

ரதம் வருவதற்கு முந்தைய நாள் காலையில் பாலிக் புலாவிலிருந்து லோரி வந்தது. உரித்த தேங்காய்களைச் சின்னச் சின்னச் சாக்குகளில் கட்டி, அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில் அடுக்கினார்கள். பந்தல் வேலைக்கென்று லீவு எடுத்திருந்ததால் மூட்டைகளுக்கு என்னைக் காவல் போட்டார்கள்.

ஜிம்முக்குப் பணம் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த ஒருவனிடம் இத்தனை மூட்டைகளைத் தனியாக ஒப்படைத்தால் அவன் என்ன செய்வான்? முருகனே அனுப்பிய உபகரணங்கள் என்று தோன்றியது. ஆனாலும் பாருங்கள், எனக்குள் ஒரு நேர்மை இருந்தது. அடுத்த வீட்டாரின் நேர்த்திக்கடனைத் தொடுவது பாவம். அதனால் எங்கள் வீட்டு மூட்டைகளை மட்டும் தேடி எடுத்தேன். அம்மா சிவப்பு ரிப்பன் கட்டி அடையாளம் வைத்திருந்தது வசதியாகப் போயிற்று.

முதலில் இரண்டு கையிலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரவின் அனுப்பிய காணொளியில் அடுத்த பயிற்சி, மண் நிரப்பிய கனமான பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, உள்ள கோபத்தையெல்லாம் சேர்த்துத் தரையில் ஓங்கி அறைவது. என்னிடம் பந்து இல்லை. சிவப்பு ரிப்பன் கட்டிய மூட்டை இருந்தது.

காதில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தூக்கினேன், அறைந்தேன். தூக்கினேன், அறைந்தேன். ஒரு மூட்டை முடிந்ததும் அடுத்த மூட்டை. இரண்டு முறை தோற்ற அவமானம், தட்டைப் பாதம் என்று அப்பாவைத் திருப்பி அனுப்பிய அந்த முகம் தெரியாத அதிகாரி, பத்தாம் வகுப்பில் என்னைக் குண்டன் என்ற கணக்கு வாத்தியார், எல்லோரையும் சிமெண்டுத் தரையில் அறைந்தேன். கீழே பார்த்தால் தரை முழுக்க ஈரம்.

என் வியர்வை என்று நினைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். ஒரு மனித உடம்பிலிருந்து இவ்வளவு வருமா என்று சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. கைப்பேசியில் படம் பிடித்து, “இதுதான் உழைப்பு” என்று எழுதிப் படையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எதற்கும் பதில் போடாத சார்ஜன்ட் மாணிக்கம்கூட ‘பாகுஸ்’ என்று போட்டிருந்தார். நன்று என்று மலாயில் அவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் முறை. மூட்டைகளை ரிப்பன் முன்பக்கம் தெரியும்படி அழகாக அடுக்கிவிட்டு மாடிக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கண் விழித்தேன். கை விழிக்கவில்லை. தோளிலிருந்து விரல்வரை யாரோ சிமெண்டு ஊற்றி வைத்திருந்தார்கள். பல் துலக்க, பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை ஆட்ட வேண்டியிருந்தது. அம்மாதான் சட்டை மாட்டிவிட்டார்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, தசை வளருது.”

“பாத்து வளரச் சொல்லு” என்று பொத்தானைப் போட்டார்.

கீழே பந்தல் களைகட்டியிருந்தது. மோர், பானகம், ரோஸ் தண்ணீர். எங்களுக்கு அடுத்த குவியல் ஆ லிம் அங்கிளுடையது. சீனர், சாலை முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், ரதத்துக்குத் தேங்காய் உடைக்காமல் அவருக்குச் சீனப் புத்தாண்டு விடியாது. கார் நிறுத்துமிடத்தின் மூலையிலிருந்து லேசாக ஒரு புளித்த வாடை வந்தது. பக்கத்திலேயே சாக்கடை இருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை.

மத்தியானம் மேள சத்தம் கேட்டது. தூரத்தில் ரதத்தின் உச்சி தெரிந்தது. அப்பா பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி, என்னைச் சாலை ஓரத்தில் கிழக்குப் பார்த்து நிறுத்தினார். பந்தலில் கையில் மோர்க் குவளையுடன் சார்ஜன்ட் மாணிக்கமும் வந்து நின்றிருந்தார். அப்பாவுக்கு அவரைக் கண்டதும் இன்னும் பெருமை.

“பாருங்க சார்ஜன்ட், பையன் தன் கையாலயே ஒடைக்கப் போறான்” என்று சொல்லிக்கொண்டே முதல் மூட்டையின் ரிப்பனை அவிழ்த்துச் சாலையில் கவிழ்த்தார்.

சில்லு சில்லாக விழுந்தது. கூடவே ஒரு வாடையும், ஒரு படை எறும்பும். அப்பா இரண்டாவது மூட்டையைக் கவிழ்த்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதைக் கவிழ்க்காமல் ஆட்டிப் பார்த்தார். சலசலவென்று சத்தம் வந்தது.

“லோரிக்காரன் ஏமாத்திட்டான்லா!” என்றார் யாரோ.

அப்பா என்னைப் பார்த்தார். துறைமுகத்தில் எத்தனையோ ஆயிரம் மூட்டைகளைப் பார்த்தவர். கீழே போட்ட மூட்டை எது, தானாக உடைந்த மூட்டை எது என்று அவருக்குத் தெரியாதா?

“நேத்து பயிற்சி செஞ்சேன்ப்பா” என்றேன்.

“இதுலயா?”

“நம்ம வீட்டு மூட்டையில மட்டும்தான்ப்பா” என்றேன், அதற்காவது பாராட்டுக் கிடைக்கும் என்று.

சார்ஜன்ட் தன் கைப்பேசியை எடுத்து, அந்த வியர்வைப் படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மோரைக் குடிக்காமல் குவளையை மேசையில் வைத்துவிட்டார்.

ரதம் நெருங்கிவிட்டது. ரதம் நம் வாசலைக் கடந்துவிட்டால் அந்த வேண்டுதல் அடுத்த வருஷம்தான். சோதனையோ ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அப்போதுதான் ஆ லிம் அங்கிள் தன் குவியலைக் கையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

“அம்பிக்லா, அம்பிக்! எடுத்துக்க, எடுத்துக்க. சாமி ஒண்ணுதான், கெரேத்தா ஒண்ணுதான்” என்றார். ரதத்தை அவர் கார் என்றுதான் சொல்வார்.

நான் ஒரு தேங்காயை எடுத்தேன். தலைக்கு மேல் தூக்க வேண்டும். கை இடுப்பைத் தாண்டவில்லை. எம்பிப் பார்த்தேன். தேங்காய் கையிலிருந்து நழுவி, ‘டொக்’ என்று விழுந்து, உடையாமல் உருண்டு ஓடியது. கூட்டம் ‘ச்சூ’ என்றது. நேர்த்திக்கடன் தேங்காய் உடையாவிட்டால் எங்கள் சனத்துக்கு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதை எடுத்தேன். அது உருண்டுபோய்ச் சார்ஜன்ட் மாணிக்கத்தின் செருப்பில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்து, துடைத்து, என் கையில் கொடுத்தார். அந்த மரியாதையைவிடப் பெரிய தண்டனை அவர் எனக்குக் கொடுத்ததே இல்லை.

அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தார். சின்ன வயதில் ஏடு தொடங்கும்போது கையைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்களே, அந்த மாதிரி. “முருகான்னு சொல்லு” என்றார். சொன்னேன். என் கைகளை மேலே தூக்கினார். நான் போட்ட அலறலில் ரத மாடுகள் திரும்பிப் பார்த்ததாக அம்மா இன்றுவரை சொல்கிறார். தேங்காய் சாலையில் மோதிச் சிதறியது. அடுத்தது. அதற்கடுத்தது. அவருடைய கைகளில் அப்போதும் துறைமுகத்து வலு அப்படியே இருந்தது. பாதிக் குவியல் தீர்ந்தபோது என் காதுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அப்பா அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த சார்ஜன்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். ரதம் எங்களைக் கடந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினேன். பிறகு தண்டாலுக்குக் குப்புறப் படுத்தேன். சார்ஜன்ட் பக்கத்தில் குந்தினார்.

“எறங்கிட்ட குணா. இப்ப ஏறு.”

“முடியல சார்ஜன்ட்.”

“தரைய வாடகைக்கு எடுத்திருக்கியா?”

அன்றோடு அணிவகுப்புப் பிரிவிலிருந்து என் பெயர் போயிற்று. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சார்ஜன்ட் கூப்பிட்டார். “சமையல் பிரிவுல ஆளு வேணும். நாசி லெமாக்குக்குத் தேங்காய் ஒடைக்கணும். உனக்கு முன் அனுபவம் இருக்கு” என்றார். படை முழுவதும் சிரித்தது. இப்படியாக நான் சீருடையைக் கழற்றாமல் தப்பித்தேன்.

அந்த ஆகஸ்டில் சுதந்திர தினத்தன்று அப்பா விடிந்ததும் பாடாங் கோத்தா திடலுக்குக் கிளம்பிப் போய் முன் வரிசையில் இடம் பிடித்தார். சமையல்காரர்கள் நடக்க மாட்டார்கள் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. எல்லா வரிசையும் போன பிறகு, திடலுக்குப் பின்னால் இருந்த எங்கள் கூடாரத்தைத் தேடி வந்தார். நான் பெரிய சட்டியில் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் வீரர்களோடு வரிசையில் நின்று, தட்டை நீட்டினார். நான் அகப்பையால் ஊற்றினேன்.

“நல்லா நிமிந்து நின்னுதான் ஊத்துற” என்றார்.

நான் இன்னொரு அகப்பை ஊற்றினேன். அவர் அந்தச் சாப்பாட்டைத் திடலின் மதிலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். அவருக்கு நான் காட்டிய அணிவகுப்பு அவ்வளவுதான். இப்போது அந்தப் பக்கம் போனாலும் அந்த மதிலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

அதன் பிறகு அந்தத் தேங்காய்க் கதை எங்கள் குடும்பத்தில் ஒரு தனி உறுப்பினர் மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை ஜிம்முக்கெல்லாம் போவாரா என்று அவர்கள் கேட்டார்கள். “தேங்காய் வெல கொறையட்டும்னு இருக்கான்” என்றார் அம்மா. அந்தப் பெண் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் சம்மதித்தாள். இன்றைக்கும் நான் எதையாவது தூக்கப் போனால் அவள் முதலில் ரிப்பன் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. பல வாரங்கள் ஒற்றைச் சொற்களாகத்தான் வந்தன. தண்ணீ. வேணாம். அம்மா பெயர். மருத்துவமனையில் இயன்முறைப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமைசாலி. நாற்காலியிலிருந்து எழுவது, குவளையைத் தூக்கி வைப்பது, ஒரு கைப்பிடி அரிசியை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றுவது என்று செய்ய வைத்தாள். தினமும் அதேதான். நான் அப்பாவின் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முறையும் அவர் கை நடுங்கும்போது வேறு எங்காவது பார்ப்பேன்.

ஒருநாள் அவள் ஒரு சிறிய மணல் மூட்டையை எடுத்து வந்தாள். “நல்லா செய்யுறீங்க அங்கிள். இன்னைக்கு இதையும் சேத்துக்கலாம்” என்று சொல்லி, அதை அவரிடம் எடுத்துக் கொடுக்கும்படி என்னிடம் நீட்டினாள்.

அப்பா மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோணியிருந்த வாயை மெல்லத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சேர்த்தார்.

“அத... இவன் கையில... குடுக்காதம்மா.”

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். விட்டுப்போன இடங்களில் அப்பா ஒற்றைச் சொற்களால் குறுக்கிட்டுத் திருத்தினார்.